தலைமுறையின் எல்லை: மலேசியத் தமிழ் நாவலை முன்வைத்து ஒரு நோக்கு

தஞ்சோங் ரம்புத்தான் என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் மலேசியர் பலர்க்கும் நினைவில் எழுவது 1911ஆம் ஆண்டு அங்கு நிறுவப்பெற்ற மனநல மருத்துவமனையே. ஈப்போவை அடுத்த அவ்வட்டாரத்தில் பால்மரம் சீவி வாழ்ந்த மூத்தோர்க்கோ அது தோட்டமும் லயமும் கோயிலும் சேர்ந்த ஊர். ஒரே சொல்லுக்கு ஒருவர்க்கு விளக்கம் வேண்டியதில்லை, மற்றவர்க்கு வேண்டும். தலைமுறையின் எல்லையும் இத்தகையதே என்பது நம் துணிபு.

இலக்கிய வரலாற்றாசிரியர் பெரும்பாலும் ஆண்டுகளைக் கொண்டே தலைமுறைகளைப் பகுப்பர். போருக்கு முன், போருக்குப் பின், 1957ஆம் ஆண்டின் விடுதலைக்குப் பின் என்பன அப்பகுப்பின் எல்லைக்கற்கள். கற்பித்தலுக்கு இஃது எளிதெனினும் படைப்புகள் இவ்வரிசைக்கு முழுவதும் அடங்குவதில்லை. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் இரயில் பாதைப் பணிக்குத் தோட்டத் தமிழர் பெருந்திரளாகக் கொண்டு செல்லப்பட்டனர். அவ்வவலத்தைக் கூறும் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993இல் வெளிவந்தது, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ 2005இல் வெளிவந்தது. பட்ட துயருக்கும் அதனை உரைத்த நாவல்களுக்கும் இடையே அரை நூற்றாண்டும் அதற்கு மேலும் கழிந்தன.

1930இல் பிறந்த ரெங்கசாமியையும் 1949இல் பிறந்த சீ. முத்துசாமியையும் ஒப்புநோக்குவோம். பிறப்பால் இருவரும் இரு தலைமுறையினர். ஆயினும் ‘நினைவுச் சின்னம்’ வெளிவந்த மறு ஆண்டே முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ வெளிவந்தது. மூத்தவர் வரலாற்றை அறியாதார்க்கு எடுத்துரைக்கும் நோக்கில் எழுதுகிறார். இளையவரோ தோட்ட மக்களின் பேச்சுமொழியை அதன் கொச்சையோடும் வேகத்தோடும் கையாள்கிறார். அம்மொழி தெரிந்தவரையே தம் வாசகராகக் கொள்கிறார். எனவே வாசகரை நோக்கும் நிலையில் மூத்தவரே அடுத்த தலைமுறையை நோக்கி நிற்கிறார். இளையவர் முந்திய தலைமுறையின் உள்ளே நிற்கிறார். எழுதுபவரின் அகவையைவிட, அவர் எவரிடம் பேசுகிறார் என்பதே தலைமுறையைக் காட்டும் தெளிவான அடையாளம் எனலாம்.

இதற்கு எளியதோர் அளவுகோலும் உண்டு. கித்தா, மங்கு, பெரட்டு, கிராணி, லயம் என்பன தோட்டத்து நாட்சொற்கள். இவை விளக்கமின்றி வரும்வரை ஒரு தலைமுறை தொடர்கிறது. விடியுமுன் ஆள் கணக்கெடுப்பதே பெரட்டு என ஆசிரியர் அடைப்புக்குறிக்குள் பொருள் எழுதும் இடத்தில் அடுத்தது தொடங்குகிறது. இதனை வீழ்ச்சி என்று கொள்ள வேண்டுவதில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புறம் சேர்ந்தபின் விளக்கம் தவிர்க்கவியலாதது.

இங்குத் தமிழாசிரியரின் பொறுப்பு பெரிது. பாடநூலுக்கென இத்தகைய உரையாடல்களைச் செந்தமிழாகத் திருத்துவோமாயின், விளக்கம் கேட்கும் வாய்ப்பையே மாணவர்க்கு மறுத்தவராவோம். அருஞ்சொற்பொருள் தருவதோடு நில்லாது, அச்சொற்களை வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டு வருமாறு மாணவரைப் பணித்தல் நன்று. தஞ்சோங் ரம்புத்தான் போன்ற ஊர்களில் அச்சொற்களைப் புழங்கியோர் இன்னும் சிலர் உளர். அவர்கள் இருக்கும்போதே கேட்கப்படும் வினா இரு தலைமுறைகளையும் இணைக்கும். பின்னர்க் கேட்கப்படுவதற்கு அகராதி மட்டுமே விடை தரும்.