‘இயல்பு’ என்ற சொல்லும் கறுப்புக் குதிரையும்

வழக்கை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இரண்டாகப் பகுத்து, தகுதி வழக்கினுள் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்னும் மூன்றினையும் அடக்கிக் காட்டினார் நன்னூலார். பயிற்சிக் கல்லூரியில் இதனை நெட்டுருச் செய்தோம். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பர் என்ற பழைய எடுத்துக்காட்டையே ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியும் வருகிறோம். ஆனால், இந்நாளைய வணிக விளம்பரங்களில் இவ்வழக்குகள் எத்துணைச் செழிப்பாக வளர்ந்துள்ளன என்பதை நம்மில் பலர் நோக்குவதில்லை. நிழற்படக் கருவி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

1950களிலிருந்து கோடக் நிறுவனம், வண்ணப் படங்களை அச்சிடும் கூடங்களுக்கு ஓர் அட்டையை அனுப்பி வந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். முதலில் அவ்வாறு படம்பிடிக்கப்பட்ட ஊழியரின் பெயரால் ‘ஷெர்லி அட்டை’ என்னும் பெயர் அதற்கு நிலைத்தது. அப்பெண்ணின் கன்னம் சரியான நிறத்தில் வந்துவிட்டால் இயந்திரம் சரியாக இயங்குகிறது என்பது கணக்கு. அவ்வட்டைகள் பலவற்றில் ‘நார்மல்’ என்றும் அச்சிட்டிருந்தனர். அதாவது, இயல்பு! ஒரு பொருளுக்கு அமைந்த சொல்லால் அப்பொருளைச் சுட்டுவதே இயல்பு வழக்கு என்று நாம் பாடம் சொல்கிறோம். ஈண்டோ, ஓர் இனத்தாரின் கன்னத்துக்கு ‘இயல்பு’ என்று பெயர் சூட்டியதால், மற்றவர் கன்னங்களெல்லாம் சொல்லாமலே இயல்பினின்றும் வழுவியவை ஆயின. வசைச்சொல் ஒன்றுகூட அவ்வட்டையில் இல்லை. ஆகவே அதனைக் குறைகூற எளிதில் எவருக்கும் தோன்றவில்லை.

“கரிய தோல் குறைந்த ஒளியையே திருப்பி அனுப்பும், இது பௌதிக விதி, இதில் இனவெறி எங்கே வந்தது?” என்று அறிவியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். ஒளியின் விதியை நான் மறுக்கவில்லை. ஆனால், படச்சுருளின் மீது பூசும் இரசாயனக் கலவையை மனிதனன்றோ தேர்ந்தெடுக்கிறான்! கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ரோத் 2009இல் வெளியிட்ட கட்டுரையைப் படித்தால் ஐயம் நீங்கும். கபில நிறத்தின் நுண்ணிய வேறுபாடுகள் படத்தில் தெரியவில்லை என்று முறையிட்டவர்கள் சாக்லெட் தயாரிப்பாளரும் மரத் தளவாடம் செய்வோரும் ஆவர். படச்சுருளைத் திருத்தும் முயற்சிக்கு அவர்களுடைய புகார்கள் தூண்டுகோலாயின என்று அவர் காட்டுகிறார். சாக்லெட்டுக்காக வளைந்து கொடுத்த பௌதிக விதி!

திருந்திய படச்சுருளைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது கோடக் அதனை எவ்வாறு புகழ்ந்தது என்பதே என்னை மிகவும் ஈர்த்த செய்தி. மங்கிய வெளிச்சத்தில் நிற்கும் கறுப்புக் குதிரையையும் நுணுக்கமாகப் படம்பிடிக்கலாம் என்பது அதன் விளம்பரப் பொருள். கறுத்த மனிதரை என்று சொல்ல நாக்கூசியது. சொன்னால், இதுகாறும் பிடிக்க முடியவில்லை என்று ஒப்புக்கொண்டதாகுமே! எனவே குதிரை வந்தது. இதனை இடக்கரடக்கல் என்பதா, அறிந்தவர்க்கு மட்டும் விளங்கும் குழூஉக்குறி என்பதா? நான் முன்னதையே கொள்வேன். சபையில் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வதே இடக்கரடக்கல். இங்கே கூசத்தக்கதாகக் கருதப்பட்டது மனிதத் தோல். பல இனத்துப் பெண்கள் சேர்ந்திருக்கும் அட்டை 1990களில்தான் வந்தது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1996இல் நான் இளம் ஆசிரியன். தோட்டப் பள்ளிக்கு ஆண்டுப் படம் எடுக்க வந்தவர், “சார், கொஞ்சம் வெளுத்த பிள்ளைகளை நடுவுல நிறுத்துங்க, படம் நல்லா வரும்” என்றார். நிறுத்தினேன். அச்சாகி வந்த படத்தில் வெள்ளைச் சட்டைகளின் மடிப்புகூடத் தெளிவாக இருந்தது. இரு ஓரங்களிலும் நின்ற பிள்ளைகளுக்குக் கண்ணும் பல்லுமே இருந்தன. தம் பிள்ளையைக் காட்டச் சொல்லி ஒரு தாய் என்னிடம் அப்படத்தை நீட்டினார். நான் வரிசையை எண்ணித்தான் காட்டினேன்.

படச்சுருளோடு இது ஒழிந்ததென்று எண்ண வேண்டா. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று கூறும் மூன்று வணிக மென்பொருள்களை ஜோய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்னும் இருவர் ஆராய்ந்து 2018இல் முடிவை வெளியிட்டனர். வெளுத்த ஆண்களிடம் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கறுத்த பெண்களிடமோ 34.7 விழுக்காடு வரை சென்றது. 2021இல் கூகள் தன் பிக்சல் 6 தொலைபேசியின் படக்கருவிக்கு ‘ரியல் டோன்’, அதாவது ‘உண்மை நிறம்’, என்று பெயரிட்டு விற்றது. முயற்சி நன்று, கரிய முகங்களைச் செம்மையாகக் காட்டவே அது செய்யப்பட்டது. பெயர்தான் உறுத்துகிறது. பழுது நீக்கியதைச் சிறப்பென்று விலைகூறும் கடைக்காரனிடம், நேற்று விற்றது என்ன நிறம் என்று கேட்க வேண்டாவா?

இன்று நம் பிள்ளைகள் கையிலுள்ள தொலைபேசிகள் பலவற்றில் தோலை வழுவழுப்பாக்கி வெளுக்கச் செய்யும் பொத்தான் ஒன்று உண்டு. அதற்கு இட்ட பெயர் ‘அழகு’. இது மங்கல வழக்கு போலும்! சென்ற ஆண்டு ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, நான் படமெடுக்க முனைந்ததும் ஓடிவந்து, “சார், அதை அமுக்குங்க, இல்லாட்டி நான் நிக்க மாட்டேன்” என்றாள். அமுக்க மனம் வரவில்லை; அவளை விட்டுவிட்டு எடுக்கவும் மனம் வரவில்லை. பிள்ளைகளை வெயிலிலிருந்து தாழ்வாரத்து நிழலுக்கு அழைத்துச்சென்று, திரையில் அவள் முகத்தைத் தொட்டு அதற்கு ஏற்ப வெளிச்சத்தைக் கூட்டி எடுத்தேன். கண், மூக்கு, கன்னக்குழி எல்லாம் தெரிந்தன. அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, “பரவாயில்லை சார்” என்றாள். சட்டைகள்தாம் சற்று வெளிறிப் போயின.