முல்லையும் மேய்ச்சல் உரிமையும்

முல்லைத்திணையை விளக்கும் நம் நூல்கள் பெரும்பாலும் ‘இருத்தல்’ என்னும் உரிப்பொருளோடு நின்றுவிடுகின்றன. ஆநிரை மேய்ந்த காடு அவற்றில் வெறும் பின்னணியே. இப்பார்வை குறையுடையது. கலித்தொகை ஆயரைக் கோட்டினத்தார், கோவினத்தார், புல்லினத்தார் எனக் கால்நடையைக் கொண்டே வேறுபடுத்துகிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகல்லொன்று ‘ஆகோள்’ பூசலில் இறந்தவனைக் குறிக்கிறது. ஆய்வாளர் அக்கல்லின் காலத்தைப் பற்றியே மிகுதியும் வாதிட்டனர். அம்மாடுகள் எவர் நிலத்தில் மேய்ந்தன என்று கேட்டவர் அரியர்.

அதே மாவட்டத்து மேகமலையில் மலைமாடுகள் மேய்வது பற்றிய வழக்கில், 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடைசெய்தது. அம்மாதமே அத்தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றோடு நிறுத்தியது. காட்டுயிர்க்கு நோய் தொற்றும் என்னும் அச்சம் புறந்தள்ளத்தக்கதன்று. ஆயினும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் உரிமையாக ஏற்றுள்ளது.

சுபாங் ஜெயாவில் முல்லை கற்பிப்போர்க்கு இது தொலைவுச் செய்தியன்று. இந்நகரே சீபீல்டு தோட்டத்தின் மீது எழுந்ததாகும். நம் தோட்டங்களில் மாடு வளர்த்தோர் நிருவாகத்தின் இசைவால் மேய்த்தனர், உரிமையால் அன்று. தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களானபோது பலருக்கு மாட்டை விற்பதன்றி வழியிருக்கவில்லை.