எலீட்டுக்கு எவ்வளவு வேகம் வேண்டும்?

பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களை வேகப்படுத்துவது இப்போ தனி ஒரு பொழுதுபோக்கு. கமடோர் 64-க்கு 20 மெகாஹெர்ட்ஸ் சூப்பர்சிபியு 1990களிலேயே வந்துவிட்டது. அமிகாவின் 68000 சிப்பைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ராஸ்பெர்ரி பையை உட்கார வைக்கும் பைஸ்டார்ம் இன்றைக்குப் பிரபலம். எதை எடுத்தாலும் பாராட்டு ஒரே மாதிரிதான்: இத்தனை மடங்கு வேகம்! சரி, எது வேகமானது? அதனால் அதில் ஓடும் நிரலுக்கு என்ன ஆச்சு? இதை ஒரே ஒரு மெஷின், ஒரே ஒரு விளையாட்டை வச்சுப் பார்ப்போம்.

மெஷின், பிபிசி மைக்ரோ. கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனம் 1981 கடைசியில் வெளியிட்டது. 2 மெகாஹெர்ட்ஸ் 6502 ப்ராசஸர், மாடல் பி-யில் 32 கிலோபைட் ரேம். 1980களின் நடுவில் கிளாஸ் திட்டம் வழியா நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்ததும் இதுதான். விளையாட்டு, எலீட். டேவிட் ப்ரேபன், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் எழுதி 1984-இல் வந்தது. வெறும் கோடுகளால் ஆன முப்பரிமாணக் கப்பல்கள், எட்டு கேலக்ஸிகள், ஒவ்வொன்றிலும் 256 கோள் மண்டலங்கள்.

எலீட்டுக்குள் நேரம் எப்படி ஓடுதுன்னு முதலில் புரிஞ்சுக்கணும். இன்றைக்கு கேம் எழுதுகிறவர்கள், கடைசியா படம் வரைந்து எத்தனை மில்லிசெகண்ட் ஆச்சுன்னு பார்த்து, அதற்கேற்ப பொருட்களை நகர்த்துவார்கள். எலீட்டில் அந்தக் கணக்கு கிடையாது. மெயின் லூப் ஒரு சுற்று சுற்றினால், அந்தப் பிரபஞ்சத்தில் ஒரு கணம் கழிந்தது. அவ்வளவுதான். திரையில் கப்பல்கள் கூடினால் சுற்று நீளும், பிரபஞ்சமே மெதுவாகும். சண்டை சூடு பிடிக்கும் நேரத்தில் ஆட்டக்காரருக்குக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் கிடைக்கும். திட்டமிட்டதோ இல்லையோ, ஆட்டத்தின் ருசியில் அதுவும் சேர்ந்துவிட்டது.

இப்போ வேகப்படுத்தும் வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி, எமுலேட்டரில் வேகத்தைக் கூட்டுவது. இங்கே ப்ராசஸர், திரை, ஒலி, டைமர் எல்லாமே ஒரே விகிதத்தில் விரைகின்றன. எலீட்டின் திரை மேலே ஒரு மோடிலும் கீழே இன்னொரு மோடிலும் இருக்கும். ஒவ்வொரு ஃப்ரேமின் நடுவிலும் டைமரை வச்சு மோடை மாற்றும் தந்திரம் அது. எல்லாம் சேர்ந்தே விரைவதால் அந்தத் தந்திரம் உடையாது. மாறாதது ஒன்றே ஒன்று: நம் விரல்கள். சுழலும் கொரியோலிஸ் நிலையத்தின் வாசலுக்கு ஏற்ப கப்பலையும் சுழற்றி உள்ளே நுழைவதுதான் இந்த ஆட்டத்தின் பெரிய சோதனை. இரண்டு மடங்கு வேகத்தில் அது வேறு ஆட்டம். ஆனால் கேசட்டிலிருந்து ஏற்றும்போது இந்த வழி வரப்பிரசாதம். 1200 பாட் என்றால் வினாடிக்குச் சுமார் 120 பைட். 20 கிலோபைட் ஏற மூன்று நிமிடம் ஆகும். அந்தக் காத்திருப்பில் கலை எதுவும் இல்லை, தாராளமா வெட்டலாம்.

இரண்டாவது வழி, ட்யூப். இது பின்னாளில் ஒட்டவைத்தது இல்லை. இரண்டாவது ப்ராசஸரை இணைக்க பிபிசி மைக்ரோவிலேயே ஏகார்ன் வைத்த வாசல் அது. 3 மெகாஹெர்ட்ஸ் 6502, 64 கிலோபைட் ரேம் கொண்ட பெட்டியை அதில் மாட்டலாம். எலீட்டுக்கு இதற்கென்றே ஒரு பதிப்பு உண்டு. ஆட்டத்தின் கணக்கெல்லாம் புதுப் பெட்டியில் நடக்கும், கோடு வரைவதும் கீபோர்டைக் கவனிப்பதும் பழைய 6502-இன் வேலை. கூடுதல் சக்தி கைக்கு வந்தபோது ஆசிரியர்கள் பழைய நிரலை அப்படியே வேகமா ஓடவிடவில்லை. விண்வெளிக் காட்சிக்கு நிறம் கொடுத்தார்கள், எல்லாக் கப்பல் வகைகளையும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் வைத்தார்கள். அதாவது ஆட்டத்தையே திரும்ப எழுதினார்கள்.

இதே வாசலில் இன்று மாட்டுவது பைட்யூப்டைரக்ட். பெட்டிக்குப் பதில் ஒரு ராஸ்பெர்ரி பை, அதற்குள் மென்பொருளாக ஒரு 6502. இதை ஹார்டுவேர் வேகம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இது கேபிள் வழியா மாட்டிய எமுலேட்டர். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த முதல் ஆர்ம் சிப் 1985-இல் உயிர்பெற்றபோது, அதுவும் இதே ட்யூப் வழியாத்தான் பிபிசி மைக்ரோவில் இணைந்தது. ராஸ்பெர்ரி பைக்குள் இருப்பது அதன் வாரிசு.

கணக்கு போடும் நிரல்களுக்கு பைட்யூப்டைரக்ட் அபாரம். மாண்டல்பிராட் வரைய ராத்திரி முழுக்கக் காத்திருக்க வேண்டாம். எலீட் மாதிரி நிரலுக்கு? கணக்குப் போடும் பக்கம் மட்டும் பறந்து, வரையும் பக்கம் அதே 2 மெகாஹெர்ட்ஸில் நின்றால், வெற்று வெளிக்கும் நெரிசலான சண்டைக்கும் இருந்த விகிதமே குலைந்துவிடும். ஆம்டால் விதியைப் படித்த யாருக்கும் இது புதுசில்லை. பைட்யூப்டைரக்ட்டின் தெரிவுப் பட்டியலிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கு: அதிவேக 6502-க்கு அடுத்ததாக, விளையாட்டுகளுக்கென்றே 3 மெகாஹெர்ட்ஸில் அடக்கி வைத்த ஒரு 6502.

மூன்றாவது வழியில் ஒரு ஹெர்ட்ஸ் கூடக் கூடுவதில்லை. பழைய எலீட்டில் கப்பல் மினுக்கும். பழைய படத்தின் கோடுகளை எல்லாம் அழித்துவிட்டு, பிறகு புதுக் கோடுகளை வரைவதுதான் காரணம். பின்னால் வந்த பதிப்புகளில் ஒரு கோட்டை அழித்த கையோடு அடுத்ததை வரையும் முறை வந்தது. எலீட்டின் நிரலை வரி வரியா விளக்கி எழுதிய மார்க் மோக்சன் அந்த முறையை பழைய பதிப்புக்கும் கொண்டு வந்திருக்கிறார். வரையும் கோடுகளின் எண்ணிக்கை கிட்டத்தட்ட அதேதான், மெஷினும் அதேதான். பார்த்தால் ஏதோ வேக அட்டை போட்ட மாதிரி தெரியும். "ரொம்ப மெதுவா இருக்கு" என்று பலர் சொன்னதில் பாதி, மினுக்கலைப் பற்றிய புகாராகத்தான் இருக்கணும்.

என் தீர்ப்பு இதுதான். ஏற்றக் காத்திருப்பதற்கு எமுலேட்டர் வேகம், கணக்குக்கு பைட்யூப்டைரக்ட், எலீட்டுக்கு மினுக்காத பதிப்பு. இது வெறும் ரசனை விஷயம் இல்லை. 2 மெகாஹெர்ட்ஸில் எது முடியும், எதை விடணும் என்று இரண்டு மாணவர்கள் எடுத்த முடிவுகள்தான் அந்த நிரல். வேகம் கூட்டி ஓட்டிய எலீட்டை மட்டும் பார்த்த ஒருவர் அந்தக் கோடைத் திறந்தால், "இதுக்கு ஏன் இவ்வளவு சுத்தி வளைச்சு எழுதணும்?" என்றுதான் கேட்பார். கேள்விக்கான பதில் அந்த மெதுவான மெஷினில் இருக்கு. அதனால் பழைய நிரலை யாருக்காவது ஓட்டிக் காட்டினால், என்ன வேகத்தில், எந்தப் பகுதியை வேகப்படுத்தி ஓட்டுறீங்க என்பதையும் சேர்த்துச் சொல்லிடுங்க. முடிஞ்சா ஐந்து நிமிஷம் அசல் வேகத்திலும் காட்டுங்க.