சோதித்துப் பறந்ததும் பறந்து சோதித்ததும்

1961 அக்டோபரில் கேப் கனாவரலிலிருந்து கிளம்பிய முதல் சாட்டர்ன் ராக்கெட்டின் மேலடுக்குகளில் எரிபொருள் இல்லை, தண்ணீர்தான் இருந்தது. கீழடுக்கு ஒழுங்காக எரிகிறதா என்று முதலில் பார்ப்போம், மற்றதெல்லாம் பிறகு என்பது அதை வடிவமைத்த வெர்னர் ஃபான் பிரவுன் குழுவின் நிதானம். 1963 இறுதியில் நாசாவின் ஜார்ஜ் முல்லர் அந்த நிதானத்தைக் கலைத்தார். 110 மீட்டர் உயரமுள்ள சாட்டர்ன்-5 முதல் தடவையே மூன்று அடுக்குகளும் எரிய, உச்சியில் அப்பல்லோ கலத்தோடு பறக்க வேண்டும் என்றார். ஃபான் பிரவுனின் ஆட்கள் திகைத்துப் போனார்கள்.

முல்லரின் வாதத்தில் நியாயம் இருந்தது. அடுக்குக்கு ஒரு ராக்கெட் என்று கடலில் போட்டுக்கொண்டிருந்தால், 1960கள் முடிவதற்குள் நிலவை எட்ட ராக்கெட்டும் மிஞ்சாது, நாளும் மிஞ்சாது. 1967 நவம்பர் 9 அன்று முதல் சாட்டர்ன்-5, அப்பல்லோ-4 என்ற பெயரில் பிசகின்றிப் பறந்தது. ஆனால் அந்த வெற்றியை முல்லரின் துணிச்சலுக்கு மட்டும் எழுதிவைப்பது சரியல்ல. அதற்கான விலை தரையிலேயே கொடுக்கப்பட்டிருந்தது. முதல் அடுக்கின் எஃப்-1 எஞ்சினில் எரிதல் தடுமாறியபோது, ஓடும் எஞ்சினுக்குள்ளேயே சிறு குண்டுகளை வெடிக்கவைத்து, தடுமாற்றம் தானாக அடங்கும்வரை வடிவத்தை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 1966 மே மாதம் மிசிசிப்பியில் இரண்டாம் அடுக்கு ஒன்று அழுத்தச் சோதனையில் கிழிந்தது. 1967 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் மூன்றாம் அடுக்கு ஒன்று வெடித்தது. காரணம், ஹீலியம் கோளத்தின் வெல்டிங்கில் பயன்படுத்திய தவறான கம்பி! இரண்டும் வானில் நடந்திருந்தால் காரணம் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

இதில் அதிகம் பேசப்படாத உதவி தண்ணீருடையது. பத்து மீட்டர் குறுக்களவுள்ள முதல் அடுக்கு ரயிலிலும் ஏறாது, நெடுஞ்சாலையிலும் போகாது. நியூ ஆர்லியன்ஸில் போயிங் கட்டிய அடுக்கு படகில் மிசிசிப்பி சோதனை மேடைக்குப் போய், அங்கே எரிந்து காட்டிவிட்டு, மறுபடி படகேறி ஃபுளோரிடா வந்தது. கலிஃபோர்னியாவில் உருவான இரண்டாம் அடுக்கு பனாமா கால்வாய் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தது. ஆக, கட்டி முடித்த அடுக்கே சோதனைக்கும் போனது, வானுக்கும் போனது.

சோவியத்தின் நிலவு ராக்கெட்டான என்-1க்கு அந்த வாய்ப்பு இல்லை. அதன் ஏவுதளம் இருந்த பைக்கானூர் ஒரு வறண்ட புல்வெளி. தொட்டிகளைத் துண்டுகளாக ரயிலில் கொண்டுவந்து அங்கேயே வெல்டிங் செய்து இணைத்தார்கள். முதல் அடுக்கில் 30 எஞ்சின்கள். அவை அனைத்தையும் சேர்த்து எரித்துப் பார்க்க ஒரு மேடைகூடக் கட்டவில்லை. எஞ்சின்களிலும் ஒவ்வொரு தொகுதியிலிருந்து சிலவற்றை மட்டுமே எரித்துப் பார்த்தார்கள். ராக்கெட்டில் பொருத்தியவை எரித்துப் பார்க்காதவை. முழு ராக்கெட்டையும் ஒரேயடியாகப் பறக்கவிடுவதில் முல்லருக்கு இவர்கள் சளைத்தவர்கள் அல்லர். ஆனால் மேடைச் சோதனையை விட்டுவிட்டார்கள். 1969 முதல் 1972 வரை நான்கு முறை ஏவினார்கள். நான்கு முறையும் முதல் அடுக்கு எரிந்து முடிவதற்குள்ளேயே எல்லாம் முடிந்தது. 1969 ஜூலை 3 அன்று விழுந்தது ஏவுதளத்தையே அழித்தது. பணமும் காலமும் போதவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் இழந்த நான்கு ராக்கெட்டுகளின் செலவை யார் கணக்கில் வைப்பது?

அதற்காக நாசாவின் முறை குறையற்றது என்று சொல்லிவிட முடியாது. 1968 ஏப்ரல் 4, ஆளில்லாமல் பறந்த அப்பல்லோ-6. ராக்கெட் நெடுக்குவாக்கில் கடுமையாகக் குலுங்கியது. இரண்டாம் அடுக்கில் ஒரு எஞ்சினின் எரியூட்டிக் குழாய் உடைந்தது. தரையில் அந்தக் குளிர்ந்த குழாயின்மேல் திரவமாக மாறிய காற்றும் பனியும் படிந்து அதிர்வை அடக்கியிருந்தன. வெற்றிடத்தில் அந்தப் பூச்சு இல்லை. காற்றுள்ள இடத்தில் எத்தனை மேடை கட்டினாலும் தெரியவராத குறை இது. இன்னொன்று வெறும் கவனக்குறைவு: கம்பிகள் மாறி இணைக்கப்பட்டிருந்ததால், பழுதான எஞ்சினை நிறுத்தப் போன உத்தரவு நன்றாக ஓடிய பக்கத்து எஞ்சினையும் அணைத்தது. மூன்றாம் அடுக்கு மறுபடி பற்றவே இல்லை.

இத்தனைக்கும் பிறகு அடுத்த சாட்டர்ன்-5இல் மூன்று பேரை ஏற்றி, 1968 டிசம்பரில் அப்பல்லோ-8 என நிலவைச் சுற்ற அனுப்பினார்கள். திருத்தங்களைத் தரையில் எரித்துச் சரிபார்த்திருந்தார்கள். ஆனாலும் பழுதுபட்ட ஒரு பயணத்துக்கும் ஆளேற்றிய பயணத்துக்கும் இடையில் ஆளில்லாத இன்னொரு பயணம் இருந்திருக்க வேண்டும். அப்பல்லோ-8 பத்திரமாகத் திரும்பியது என்பதால் அந்த முடிவு சரியாகிவிடாது.