கிளாக் 19: ட்ரிகரை மாற்றும் முன்

அமெரிக்காவில் கிளாக் 19 கைத்துப்பாக்கி வாங்குகிறவர்களில் பலர், புதுத் துப்பாக்கியின் எண்ணெய்ப் பிசுக்கு போவதற்குள் மாற்று ட்ரிகர் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். துப்பாக்கியோடு வரும் கம்பெனி ட்ரிகர் கொழகொழவென்று இருக்கிறது என்பது புகார். டெக்சாஸில் ஒரு ரேஞ்சில் கம்பெனி ட்ரிகருடன் ஒன்றையும், நூறு டாலருக்கு மேல் விலையுள்ள மாற்று ட்ரிகர் பொருத்திய இன்னொன்றையும் மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்தேன்.

புகாரில் உண்மை இருக்கிறது. விரலை வைத்து இழுத்தால் முதலில் தளர்வாக நகர்கிறது, பிறகு ஓரிடத்தில் தடுத்து நிற்கிறது. அங்கிருந்து சுமார் இரண்டரை கிலோ அழுத்தினால்தான் தோட்டாவை அடிக்கும் ஸ்ட்ரைக்கர் விடுபடும். அந்தக் கடைசி இழுப்பில் லேசான சொரசொரப்பு. மாற்று ட்ரிகரில் அது இல்லை, வெடுக்கென்று விடுபடுகிறது. ஆனால் சுட்டபின் விரலைத் தளர்த்தும்போது ட்ரிகர் அடுத்த முறைக்குத் தயாராவதை ‘டிக்’ என்று உணர்த்தும் ரீசெட், கம்பெனி ட்ரிகரிலேயே அருமை.

பத்து மீட்டரில் நிதானமாகச் சுட்டபோது மாற்று ட்ரிகரின் துளைகள் கொஞ்சம் நெருங்கி விழுந்தன. வேகம் கூட்டியதும் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. இரண்டு தாளிலும் துளைகள் இடப்பக்கம் கீழே இறங்கின. வலக்கைக்காரர்களுக்கு வழக்கமாக நேர்வதுதான்: வெடியை எதிர்பார்த்துக் கை முன்கூட்டியே அமுங்கிவிடுகிறது. எந்த ட்ரிகரும் இதைத் திருத்தாது.

திருத்துவது டிரை ஃபயர், அதாவது தோட்டா இல்லாமல் ட்ரிகரை அழுத்தும் பயிற்சி. மேகசினைக் கழற்றி, தோட்டா அமரும் சேம்பர் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட வேண்டும். பாதுகாப்பான சுவரை நோக்கி, முன்குறிக்குப் பின்னால் ஸ்லைடின் மேல் ஒரு நாணயத்தை நிறுத்தி, அது விழாமல் ட்ரிகரை அழுத்த வேண்டும். கிளாக்கில் ஒவ்வொரு முறையும் ஸ்லைடைக் கொஞ்சம் பின்னிழுத்தால்தான் ட்ரிகர் மீண்டும் உயிர்பெறும். அலுப்பான வேலைதான், ஆனால் செலவில்லை. தினமும் பத்து நிமிடம் போதும்.

இழுப்பின் எடை பொருட்டே இல்லை என்று சொல்லமாட்டேன். நியூயார்க் காவல்துறை பல்லாண்டுகள் 12 பவுண்டு, அதாவது ஐந்தரை கிலோவை ஒட்டிய ட்ரிகரை வைத்திருந்தது. அத்தனை கனத்தை இழுக்கும்போது குறி அசையாமல் பிடிப்பது யாருக்கும் பெரும்பாடு.

ஆனால் ட்ரிகர் தனியான உறுப்பு அல்ல. சிக் சாவர் நிறுவனத்தின் பி320 கைத்துப்பாக்கி சில கோணங்களில் கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று தெரிந்தபின், 2017-இல் அந்த நிறுவனம் செய்த திருத்தங்களில் ஒன்று, ட்ரிகர் துண்டின் எடையைக் குறைத்தது. விழும் வேகத்தில் அந்தத் துண்டே பின்னால் நகர்ந்துவிடும் என்பதுதான் காரணம். உற்பத்தியாளருக்கே இத்தனை நுணுக்கம் தேவைப்படும் இடத்தில், வீட்டு மேசையில் ஸ்பிரிங்கை மாற்றிப் பார்ப்பது எனக்கு உவப்பில்லை.

போட்டிக்கு மட்டும் பயன்படும் துப்பாக்கி என்றால், விதிமுறையைப் பார்த்துவிட்டு நல்ல மாற்று ட்ரிகரைத் ஆர்மரர் எனப்படும் தேர்ந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துப் போடலாம். இடுப்பில் வைத்துக்கொள்ளும் துப்பாக்கிக்குக் கம்பெனி ட்ரிகரே இருக்கட்டும். மிச்சமாகும் பணத்தில் சில நூறு தோட்டாக்கள் வாங்கலாம், ஒரு நல்ல பயிற்சியாளரிடம் ஒரு நாள் கற்றுக்கொள்ளலாம்.