இடிந்த வீடுகளுக்கு ஜாதகம்: பவுல் ஆட்ட முன்னோட்டங்களை வாசிப்பது எப்படி?

அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலில் டிசம்பர் வந்தால் ஒரு தனி எழுத்து வகை முளைக்கும். பவுல் ஆட்ட முன்னோட்டம். இந்த வகையை நான் கொஞ்ச காலமாக ஆர்வத்தோடு வாசித்து வருகிறேன். ஆட்டத்துக்காக மட்டும் இல்லை, எதிர்காலத்தைப் பற்றி மனிதர்கள் எப்படியெல்லாம் எழுதுகிறார்கள் என்று பார்ப்பதற்காகவும்தான். அதில் எனக்கு ரொம்பப் பிடித்த, அதே நேரத்தில் ரொம்பக் கோபம் வர வைக்கிற உட்பிரிவு ஒன்று இருக்கிறது: கலைந்துபோய் மறுபடி கட்டிக்கொண்டிருக்கும் இரண்டு டீம்கள் மோதும் ஆட்டத்துக்கான முன்னோட்டம்.

பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாக: சீசனில் பொதுவாக 12 ஆட்டங்கள். ஆறு ஜெயித்தால் பவுல் ஆட்டத்துக்குத் தகுதி. கோப்பைக்கான பெரிய ஆட்டங்கள் தனி. மற்ற பவுல்கள் எல்லாம் சீசன் முடிந்தபின் நடக்கும் ஒற்றை ஆட்டங்கள், ஜெயித்தாலும் அடுத்த சுற்று கிடையாது. சீசன் கடைசி ஆட்டத்துக்கும் பவுலுக்கும் நடுவில் மூன்று நான்கு வாரம் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில்தான் கோச்சை வேலையை விட்டு அனுப்புவார்கள், புதுக் கோச்சை அறிவிப்பார்கள், ஆட்டக்காரர்கள் கிளம்புவார்கள். அதாவது, முன்னோட்டம் எழுதுகிறவர் கையில் இருக்கும் புள்ளிவிவரம் ஒரு டீமுடையது, களத்தில் இறங்கப்போவது இன்னொரு டீம்.

இதை ஒரு பழைய ஆட்டத்தை வைத்துப் பேசலாம். முடிவும் அதற்குப் பின் நடந்ததும் தெரிந்த ஆட்டம் என்றால் முன்னோட்டத்தை உரசிப் பார்ப்பது சுலபம்.

2011 டிசம்பர் 31. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜயன்ட்ஸ் பேஸ்பால் டீமின் மைதானமான ஏடி அண்ட் டி பார்க். கிராஃப்ட் ஃபைட் ஹங்கர் பவுல். இல்லினாய் எதிராக யூசிஎல்ஏ. இரண்டு டீமும் தங்கள் தலைமைக் கோச்சை ஒரு மாதத்துக்கு முன்புதான் வீட்டுக்கு அனுப்பியிருந்தன.

இல்லினாய் கதை விசித்திரமானது. முதல் ஆறு ஆட்டமும் வெற்றி. அடுத்த ஆறும் தோல்வி. ஏழு வருஷம் கோச்சாக இருந்த ரான் ஸூக்கை அத்தோடு நீக்கினார்கள். யூசிஎல்ஏ கதை அதைவிட விசித்திரம். நவம்பர் 26 அன்று பக்கத்து எதிரி யூஎஸ்சியிடம் 50-0 என்று தோற்றது. கோச் ரிக் நியூஹைசல் வேலை போயிற்று. ஆனால் யூஎஸ்சி மீது தடை இருந்ததால், அந்தப் பிரிவின் சார்பில் பேக்-12 இறுதி ஆட்டத்துக்குப் போனது யூசிஎல்ஏதான்! வேலை போன கோச்சே அந்த ஆட்டத்தையும் நடத்தினார். ஆரிகனிடம் 49-31 தோல்வி. ஆக ஆறு வெற்றி, ஏழு தோல்வி. தகுதிக் கணக்கில் உதைத்ததால் சிறப்பு அனுமதி வாங்கித்தான் பவுலுக்கே வந்தார்கள்.

சரி, இந்த ஆட்டத்துக்கு வழக்கமான முன்னோட்டம் எப்படி இருக்கும்? முதலில் சீசன் சராசரி. அப்புறம் ‘எந்த டீமுக்கு வெறி அதிகம்’ என்று ஒரு பத்தி. கடைசியில் ஒரு ஸ்கோர். இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சராசரி சொல்லும் பொய்

இல்லினாய் பவுலுக்கு முன் 12 ஆட்டத்தில் 274 புள்ளிகள் எடுத்திருந்தது. சராசரி சுமார் 23. இந்த எண்ணைப் பார்த்தால் சுமாரான அஃபென்ஸ் என்று தோன்றும். ஆனால் பிரித்துப் பாருங்கள். முதல் ஆறில் 208, அதாவது ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட 35. பின் ஆறில் 66, அதாவது 11. இருபத்து மூன்று புள்ளி எடுக்கும் இல்லினாய் என்று ஒரு டீம் அந்த சீசனில் ஒரு வாரம்தான் இருந்தது, வெஸ்டர்ன் மிச்சிகனை 23-20 என்று ஜெயித்த அன்று.

டிஃபென்ஸ் பக்கம் வாருங்கள். முதல் ஆறில் கொடுத்தது 107, சுமார் 18. பின் ஆறில் 134, சுமார் 22. அதாவது டீம் கவிழ்ந்த ஆறு வாரத்திலும் டிஃபென்ஸ் கவிழவில்லை. பென் ஸ்டேட்டிடம் 10-7 என்று தோற்றார்கள். ஒஹாயோ ஸ்டேட்டிடம் 17-7. இதெல்லாம் டிஃபென்ஸ் தோற்ற ஆட்டங்கள் இல்லை.

யூசிஎல்ஏவின் சராசரி இன்னும் மோசமாக ஏமாற்றும். 13 ஆட்டத்தில் 419 புள்ளி கொடுத்திருந்தார்கள், சராசரி 32. ஜெயித்த ஆறில் கொடுத்தது சராசரி 18. தோற்ற ஏழில் 44! முப்பதுக்கும் முப்பத்தைந்துக்கும் நடுவில் கொடுத்தது ஒரே ஒரு ஆட்டத்தில், யூட்டாவுடன். ஒரு கால் கொதிக்கிற வெந்நீரிலும் இன்னொரு கால் ஐஸ் தண்ணியிலும் இருப்பவனிடம் போய், ‘சராசரியா உனக்கு இதமாத்தானே இருக்கு’னு கேட்பது போலத்தான் இது.

ஆக, களத்தில் நான்கு அலகுகள். இரண்டு அஃபென்ஸ், இரண்டு டிஃபென்ஸ். இதில் சீசன் முழுக்க ஒரே மாதிரி ஆடியது என்று துணிந்து சொல்லக்கூடியது இல்லினாய் டிஃபென்ஸ் ஒன்றுதான். அந்த வருஷம் நாட்டிலேயே அதிக சாக் எடுத்த விட்னி மெர்சிலஸ் அதில் இருந்தார். அதைவிட முக்கியம், ஸூக் போனபின் இடைக்காலக் கோச்சாக வந்தவர் அந்த டிஃபென்ஸை நடத்திக்கொண்டிருந்த விக் கோனிங். அஃபென்ஸை நடத்திய பால் பெட்ரினோ பவுலுக்கு முன்பே ஆர்கன்சாவுக்குக் கிளம்பிவிட்டார். நிலையாக இருந்த அலகின் தலைவர் இருக்கிறார், தள்ளாடிய அலகின் தலைவர் இல்லை.

இதெல்லாம் டிசம்பர் 30 அன்றே எல்லோருக்கும் தெரிந்த தகவல். இதை வைத்து ஒரு நேர்மையான முன்னோட்டம் என்ன சொல்லியிருக்கலாம்? ‘குறைந்த ஸ்கோர் ஆட்டம், இல்லினாய் டிஃபென்ஸ்தான் தீர்மானிக்கும்’ என்று சொல்லியிருக்கலாம். நடந்தது: இல்லினாய் 20, யூசிஎல்ஏ 14. அதில் ஒரு டச்டவுன், டெரி ஹாதார்ன் பந்தை இடைமறித்து ஓடி எடுத்தது. முடிவு தெரிந்தபின் இப்படி எழுதுவது சுலபம்தான், ஒத்துக்கொள்கிறேன். இந்த ஒரு ஆட்டத்தை வைத்து இந்த முறை எப்போதும் பலிக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. சொல்வது இதுதான்: சராசரி அட்டவணை மறைத்த செய்தி, அதே ஸ்கோர்களைப் பிரித்துக் கூட்டினால் தெரிகிறது. அதற்குத் தேவை ஒரு பேனாவும் பத்து நிமிஷமும்.

வெறி என்னும் சர்வரோக நிவாரணி

இரண்டாவது, ‘யாருக்கு ஜெயிக்கணும்ங்கிற வெறி அதிகம்?’ இந்தப் பத்தி இல்லாத பவுல் முன்னோட்டத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இல்லினாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு தோல்வி வரிசையாக. ‘மனசு உடைந்த டீம், ஆர்வமே இருக்காது’ என்று எழுதலாம். ‘அவமானத்தைத் துடைக்க உயிரைக் கொடுத்து ஆடுவார்கள்’ என்றும் எழுதலாம். யூசிஎல்ஏ? ‘50-0 வாங்கியவர்கள், சும்மா வந்து போவார்கள்’. அல்லது, ‘புதுக் கோச் ஜிம் மோரா பார்த்துக்கொண்டிருப்பார், இடத்தைப் பிடிக்க ஆடுவார்கள்’. ஒரே உண்மையிலிருந்து இரண்டு எதிரெதிர் முடிவும் வருகிறது என்றால் அந்த உண்மையிலிருந்து ஒன்றுமே வரவில்லை என்றுதான் அர்த்தம். பௌர்ணமி ஜோசியம் மாதிரி, நடந்தபின் எதற்கும் பொருந்தும்.

இதில் எனக்கு உறுத்துவது தர்க்கப் பிழை மட்டும் இல்லை. களத்தில் இறங்குபவர்கள் இருபது இருபத்திரண்டு வயசுப் பையன்கள். அதில் பெரும்பாலானவர்கள் இதற்குப் பிறகு எங்கும் ஆடப்போவதில்லை. கடைசி வருஷப் பையன்களில் பலருக்கு அதுதான் வாழ்க்கையிலேயே கடைசி ஃபுட்பால் ஆட்டம். நீக்கப்பட்டது கோச், ஆனால் ‘இவர்களுக்கு ஆர்வம் இருக்குமா’ என்ற சந்தேகம் இவர்கள் மேல் விழுகிறது. பார்க்காத மனசைப் பற்றித் தீர்ப்பு எழுதுவதை விட, பார்த்த ஆட்டத்தைப் பற்றி எழுதுவது மரியாதை.

ஆட்டம் ஒன்று, எதிர்காலம் வேறு

மூன்றாவதுதான் பெரிய விஷயம். இம்மாதிரி முன்னோட்டங்கள் முடிவில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும். ‘ஜெயிக்கிற டீம் அடுத்த சீசனுக்கு நல்ல அடித்தளம் போடும்’.

2012இல் என்ன நடந்தது? ஜெயித்த இல்லினாய், புதுக் கோச் டிம் பெக்மனின் கீழ் 2-10. பிக் டென்னில் ஒரு வெற்றிகூட இல்லை. தோற்ற யூசிஎல்ஏ 9-5, பிரிவில் முதலிடம், யூஎஸ்சியை 38-28 என்று ஜெயித்தது.

ஏன்? அந்த டிசம்பர் 31 ஆட்டத்தை மறுபடி பாருங்கள். இல்லினாயின் வெற்றிக்குக் காரணமானவர்கள் பலரும் கிளம்புகிறவர்கள். மெர்சிலஸும், அந்த சீசனில் 90 கேட்ச் பிடித்த ஏ.ஜே. ஜென்கின்ஸும் 2012 என்எஃப்எல் டிராஃப்டின் முதல் சுற்றிலேயே போனார்கள். கோனிங்கும் போய்விட்டார். குவார்ட்டர்பேக் நேதன் ஸ்கீல்ஹாஸ் மட்டும் இருந்தார், அது போதவில்லை. யூசிஎல்ஏ பக்கமோ, எதிர்காலம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. பிரெட் ஹண்ட்லி அந்த வருஷம் ரெட்ஷர்ட், ஒரு ஆட்டமும் ஆடவில்லை. அடுத்த வருஷம் அவர்தான் குவார்ட்டர்பேக். அந்தோனி பார் அப்போது அஃபென்ஸில் ஆடிக்கொண்டிருந்தார். மோரா அவரை லைன்பேக்கராக மாற்றினார், 2012இல் 13.5 சாக். ஓட்டக்காரர் ஜொனாதன் ஃபிராங்க்ளினும் கூடவே இருந்தார்.

அன்றைய ஆட்டத்தைக் கணிக்கக் களத்தில் இருப்பவர்களைப் பார்க்க வேண்டும். டீமின் எதிர்காலத்தைக் கணிக்கக் களத்தில் இல்லாதவர்களைப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே கட்டுரையில் குழப்பி, ஒன்றுக்கான விடையை இன்னொன்றுக்குச் சொல்வதுதான் இந்த வகை எழுத்தின் அடிப்படைக் கோளாறு.

‘அப்போ ஜெயிச்சா நல்லதில்லையா?’ என்று கேட்கலாம். அப்படியும் இல்லை. 2018 டெக்சஸ் பவுலில் பேலர் 45-38 என்று வேண்டர்பில்ட்டை ஜெயித்தது. முந்தின வருஷம் 1-11 என்று கிடந்த பேலர் அது. 2019இல் 11-3க்குப் போனது. வேண்டர்பில்ட் 3-9க்கு இறங்கியது. ஆனால் காரணத்தைப் பாருங்கள். பேலரில் கோச் மேட் ரூல், இரண்டாம் வருஷக் குவார்ட்டர்பேக் சார்லி புரூவர் இருவரும் அப்படியே இருந்தார்கள். வேண்டர்பில்ட்டின் கைல் ஷெர்மருக்கு அதுதான் கடைசி வருஷம். இங்கேயும் பேசுவது யார் மிஞ்சினார்கள் என்பதுதான், ஸ்கோர் இல்லை.

போர்ட்டல் வந்தபின்

இப்போது இது இன்னும் சிக்கல். டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018 அக்டோபரில் வந்தது. 2021இலிருந்து ஒருமுறை காலேஜ் மாறினால் ஒரு வருஷம் வெளியே உட்கார வேண்டியதில்லை. 2011இல் கோச் மட்டும்தான் மாறினார், பையன்கள் அதே பையன்கள். 2022 டிசம்பர் 27 அன்று ஃபீனிக்ஸில் நடந்த கேரன்டீட் ரேட் பவுலைப் பாருங்கள். விஸ்கான்சின் 24, ஒக்லஹாமா ஸ்டேட் 17. சீசன் முழுக்க ஆடிய குவார்ட்டர்பேக்குகள் இருவருமே ஆட்டத்தில் இல்லை. கிரஹாம் மெர்ட்ஸ் ஃபுளோரிடாவுக்கும், ஸ்பென்சர் சாண்டர்ஸ் ஓல் மிஸ்ஸுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். இந்த நிலையில் சீசன் பாஸிங் சராசரியை அட்டவணை போட்டுக் காட்டுவது, காலி பண்ணிப் போன குடித்தனக்காரரின் கரண்ட் பில்லை வைத்துப் புதிதாக வந்தவரின் செலவைக் கணிப்பது மாதிரி.

அடுத்த வருஷம்? ஜெயித்த விஸ்கான்சின் 7-6. தோற்ற ஒக்லஹாமா ஸ்டேட் பிக் 12 இறுதி ஆட்டம் வரை போனது. அந்த டீமில் 2022இல் முதல் வருஷப் பையனாக இருந்த ஆலி கார்டன் 2023இல் 1,732 கெஜம் ஓடினார். விதை முந்தின வருஷமே அங்கே இருந்தது.

இனி இப்படி ஒரு முன்னோட்டம் உங்கள் கண்ணில் பட்டால் நான் கேட்கிற மூன்று கேள்வியை நீங்களும் கேட்டுப் பாருங்கள். சராசரியைப் பிரித்துக் காட்டுகிறாரா? கோச்சுகளில் யார் எந்த அலகோடு மிஞ்சியிருக்கிறார் என்று சொல்கிறாரா? அடுத்த வருஷத்தைப் பற்றிப் பேசினால் பெஞ்சில் இருக்கும் பெயர்களைச் சொல்கிறாரா? மூன்றுக்கும் இல்லை என்றால், கடைசி வரியில் இருக்கும் ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். அது சரியாகவே வந்தாலும் நமக்குப் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது.