மீட்கப்பெற்ற கொட்டகையும் மீளாத அவையும்

பழைய படக்கொட்டகையொன்றைச் செப்பனிட்டுக் காத்தல் ஏட்டுச்சுவடியைப் பதிப்பித்தலோடு ஒத்த செயல் என்பது எம் கருத்து. சிதைந்த இடத்தைத் தன் மனம் போனவாறு நிரப்புவோன் பதிப்பாசிரியன் ஆகான். உ. வே. சாமிநாதையர் பதிப்புக்களில் பாடவேறுபாடுகள் காட்டப்பெற்றமையின் அருமையைத் தமிழ் பயில்வோர் நன்கறிவர். அங்ஙனமாயின், கொட்டகைக்கு மூலபாடம் யாது? முகப்போ, சுவரோ, அன்றி அதனுள் அமர்ந்திருந்த அவையோ?

சென்னையில் இவ்வினாவிற்குரிய முதற் சான்று அண்ணா சாலை அஞ்சலகத்தின் வளாகத்தில் உள்ளது. வார்விக் மேஜர் என்பார் 1913-இல் தொடங்கிய எலெக்ட்ரிக் தியேட்டர் ஈராண்டளவே படங்காட்டிற்று. 1915-இல் அஞ்சல் துறையின் கைக்கு மாறிற்று. இந்நாளில் அஞ்சல்தலை சேகரிப்போர்க்குரிய நிலையமாக அது விளங்குகின்றது. கொட்டகையாகவே நீடித்திருப்பின் அது என்றோ இடிபட்டிருக்கும், அஞ்சலகமானமையாற்றான் பிழைத்தது. இதனை மீட்பென்று கொண்டாடுவார் கூற்றை யாம் முற்றும் மறுக்கவில்லை. எனினும் எஞ்சியது நூலின் அட்டையே என்பதையும் மறத்தலாகாது.

இனி வடக்கே செல்வாம். தங்கசாலைத் தெருவின் வடகோடியைக் கடந்தால் வண்ணாரப்பேட்டை அணித்தே உளது. துணி வெளுக்கும் தொழிலாளர் குடியேறியமையால் பெயர்பெற்று, பின்னர்த் துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைப்போர் மிக்கு வாழ்ந்த பகுதி இது. ரகுபதி வெங்கையாவின் கிரௌன் கொட்டகை அத்தங்கசாலைத் தெருவிலேதான் இருந்தது. முதல் தமிழ்ப் பேசும்படமாகிய காளிதாஸ் 1931 அக்டோபர் 31-இல் வெளியான கினிமா சென்ட்ரலும் பழைய நகரின் இப்பகுதியினதே. பிற்காலத்தில் அது முருகன் டாக்கீஸ் எனப் பெயர் மாறிற்று. படப்பெட்டி சென்ட்ரல் நிலையத்திலிருந்து வால்டாக்ஸ் சாலை வழியே வந்தபோது மக்கள் பூவும் காசும் தூவி, தேங்காய் உடைத்து, உடன் நடந்தனர் என்று திரைப்பட வரலாற்றாசிரியர் எழுதுவர். தேர்த்திருவிழாவின் சாயல் இதன்கண் வெளிப்படை. அப்படத்தின் பிரதியோ இன்று ஒன்றேனும் கிடைத்திலது. படமும் போய்ப் பெயரும் மாறிய பின்னர் எஞ்சி நின்றது அவை ஒன்றே.

அவ்வவையின் இயல்பைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981-இல் வெளியிட்ட தம் ஆங்கில நூலில் நன்கு விளக்கினார். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் அரங்கு திரையரங்கே என்பதும், ஆங்கு இடத்தை வரையறுத்தது பிறப்பன்று, கைப்பொருளே என்பதும் அவர் கொள்கை. இதனோடு யாம் ஒன்று கூட்டுவோம். கூரை ஒன்றாயினும் இருக்கை ஒன்றன்று. தரை, பெஞ்சு, நாற்காலி என வகுப்புக்கள் பிரிந்தன. திரைக்கு மிக அண்மையில், கழுத்து நோக அண்ணாந்து பார்த்த தரை டிக்கெட்டுக்காரனே சீழ்க்கை ஒலியால் காட்சியின் வெற்றி தோல்வியை முதலில் அறிவித்தவன். (திறனாய்வாளர் அவனுக்குப் பின்னரே பேசத் தொடங்கினர்.)

மீட்புப் பணியில் விடுபடுபவனும் இவனே. மும்பையிலுள்ள ராயல் ஆபெரா ஹவுஸ் 1993-இல் மூடப்பெற்று, 2016-இல் மீண்டும் திறக்கப்பெற்றது. செல்வர் அமர்ந்த தனிமாடங்களும் சரவிளக்குக்களும் பழைய பொலிவு பெற்றன. வேலைத்திறம் போற்றத்தக்கதே. ஆனால் தரை வகுப்பை அதன் மரபோடு மீட்டமைத்த கொட்டகை எதனையும் யாம் கண்டிலம். மெத்தை நாற்காலிகளை ஒரே சீராக நிரப்புதல் வசதிக்கு ஏற்றது. வரலாற்றிற்கு அஃது இடைச்செருகலே.

வண்ணாரப்பேட்டையை அடுத்துத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் 1967-இல் எழுந்த அகஸ்தியா திரையரங்கு, ஆயிரவர் அமரத்தக்க ஒற்றைத் திரையாக ஐம்பது ஆண்டிற்கு மேல் நின்று, 2020-இல், பெருந்தொற்றுக் காலத்தில், மூடப்பெற்றது. இத்தகைய அரங்குகளுக்கு இனிச் சுவர்வழி மீட்பு அரிது. சொல்வழி மீட்பே இயல்வது. அதற்கு மூலங்கள் இல்லாமல் இல்லை. 1955-ஆம் ஆண்டுச் சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உரிமம் வேண்டுவோர் இருக்கை வரிசையும் வாயில்களும் குறித்த வரைபடம் அளித்தல் வேண்டும். சென்னை நகரில் உரிமம் வழங்குவோர் காவல் ஆணையர். அவ்வரைபடங்களைத் தேடிப் படியெடுத்து, இன்றும் வாழும் முதியோரிடம் வகுப்புத்தோறும் யார் யார் அமர்ந்தனர், எவ்வாயில் வழியே நுழைந்தனர் எனக் கேட்டு அவற்றின் ஓரத்தே குறித்தல், தமிழ்த்துறை மாணவர் ஓராண்டில் முடிக்கத்தக்க பணி.